வீராசாமி வீட்டு ஆக்சிஜன் மெஷின்

எங்கள் ஸ்டோரில் மருந்து கிடையாது. ஊசி, பஞ்சு, மாத்திரை எல்லாம் மாடியில் இருக்கும் பார்மசிக்காரர்களின் பாடு. கீழே, கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி இருந்த எங்கள் அறையில் கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, சளி உறிஞ்சும் மெஷின், ஆக்சிஜன் மெஷின், சிலிண்டர் ஆகியவை இருந்தன. இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்கு இரவலாகக் கொடுக்கும் சாமான்கள் அவை. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு தர்ம மருத்துவமனையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவு அது. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை.

இப்போது அந்த ஸ்டோரை பட்டர்வொர்த் பக்கம் பெரிய இடத்துக்கு மாற்றுகிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா போன் பண்ணினாள்.

"அண்ணே, புது ஆளுங்களுக்கு ரூல் எல்லாம் எழுதிச் சுவத்துல ஒட்டியாச்சு. ஆனா 'மெஷினை ஏன் நேரா அடுத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது, டைம் வேஸ்ட்லா'ன்னு கேக்குறாங்க. நீங்க ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவன். தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாமான்களை அடுக்கவும் எடுக்கவும் தெரியும், அது போதும் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு மனுப் போட்டேன். அடுக்குவது சுலபமான பகுதி என்பதை சிஸ்டர் பிலோமினா முதல் வாரத்திலேயே காட்டிவிட்டார்.

சிஸ்டர் பிலோமினாதான் பிரிவின் தலைமைத் தாதி. பூலாவ் தீக்குஸ் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர். குள்ளமான உருவம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் ஏதாவது கேட்டால் பதில் சொல்லமாட்டார், திருப்பி ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு, நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பழுது பார்த்த காற்று மெத்தை ஒன்று தயாராகிவிட்டது என்று சொன்னால், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன் மேல் ஏறி மல்லாந்து படுத்துக்கொள்வார். நாங்கள் சுற்றி நிற்போம். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடப்பார்.

"இடுப்புகிட்ட ஒரு அறையில காத்து நிக்கல," என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார். "இதுல படுக்கிறவங்களால வாயத் தொறந்து சொல்ல முடியாது சேகர். நாமதான் படுத்துப் பாக்கணும்."

ஸ்டோரின் தரையில் நடுவே மஞ்சள் கோடு ஒன்று இருந்தது. வீடுகளிலிருந்து திரும்பி வரும் சாமான் எல்லாம் கோட்டுக்கு இடது பக்கம். கழுவி, துடைத்து, ஓட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் உறை போட்ட பிறகுதான் அது கோட்டைத் தாண்டி வலது பக்கம் போகும். இடது பக்கம் போட்ட கையுறையோடு வலது பக்கம் கால் வைக்கக்கூடாது. தரையில் எதுவும் நேராக உட்காரக்கூடாது, எல்லாம் பலகை மேல்தான். சிலிண்டர்கள் நின்றபடி சங்கிலிக்குள் இருக்க வேண்டும். நிறைந்தது ஒரு மூலை, காலியானது வேறு மூலை. காற்று மெத்தையைச் சுருட்ட வேண்டும், மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். பினாங்கின் ஈரக்காற்று பொல்லாதது. ரப்பர் குழாய் உறைக்குள்ளேயே மஞ்சளாகிவிடும். ஆக்சிஜன் மெஷினுக்கு உள்ளே காற்றைப் பிரிக்கும் மணிகள் உண்டு. சும்மா கிடந்தால் அவை ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும். அதனால் யாருக்கும் போகாத மெஷினையும் அவ்வப்போது பிளக்கில் மாட்டி ஓடவிடுவோம். ஆள் இல்லாத அறையில் நாலைந்து மெஷின்கள் ஒன்றாக மூச்சுவிடுவதைக் கேட்டு, காவலுக்கு இருந்த ஜாகா முதல் தடவை பயந்துவிட்டார்.

அந்த மஞ்சள் கோட்டிலிருந்து ஒரு தரம் கட்டில் ஒன்று தப்பிக்கப் பார்த்தது. தஞ்சோங் பூங்காவில் ஒரு வசதியான வீட்டில் இருந்து வந்தது. நிக்கல் எல்லாம் பளபளவென்று மின்னியது. கிருமிநாசினி வாசனை வேறு. வீடு வீடாகப் போகும் இளம் தாதி ஒருத்தி, "சிஸ்டர், இது நம்ம ஸ்டோரைவிடச் சுத்தமா இருக்கு. நேரா ஆயர் ஈத்தாம் வீட்டுல இறக்கிடலாமா? அவங்க காத்துட்டு இருக்காங்க," என்றாள்.

சிஸ்டர், "ஸ்குரூ ஓட்டைக்குள்ள பாத்தியா?" என்று கேட்டார்.

கட்டிலை ஸ்டோருக்குள் இறக்கினோம். காலும் சட்டமும் சேரும் குழாய்க்குள் நான் டார்ச் அடித்தேன். மூட்டைப்பூச்சிகள் வரிசையாகக் குடியிருந்தன. சிஸ்டர் யாரையும் எதுவும் சொல்லவில்லை. இன்னும் ஒரு டார்ச் வாங்கி வைக்கச் சொன்னார்.

இனி வீராசாமி விஷயத்துக்கு வருகிறேன்.

வீராசாமி துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதலில் சுமை தூக்கினார், பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அகலமான தோள். ஜார்ஜ் டவுனுக்கு வெளியே, லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் மனைவி லெட்சுமியோடு இருந்தார். ஒரே மகள் ஜொகூரில். லெட்சுமி அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் எங்கள் மெஷின் அங்கே போனது. வாராவாரம் போய்ப் பார்த்த எங்கள் தாதிகளெல்லாம் வீராசாமியைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: மனுஷன் ராத்திரி முழுக்கப் படுக்காமல், கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மனைவியைப் பார்த்துக்கொள்கிறார்.

லெட்சுமி அம்மா இறந்தார். துக்கம் நடக்கும் வீட்டில் போய்ச் சாமானைக் கேட்பதில்லை, காரியம் முடியட்டும் என்று விட்டுவிடுவோம். பதினாறாம் நாள் கழிந்து நான் போனேன். வீராசாமி கிரில் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் நின்று பேசினார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் தம்பி."

உள்ளே படுக்கையறையிலிருந்து மெஷினின் சத்தம் வந்துகொண்டிருந்தது. எங்கள் வேலையில் அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வோம்.

"மெஷின் ஓடுதே, அண்ணே?"

"அந்தச் சத்தம் இல்லாட்டி தூக்கம் வரமாட்டேங்குது. அவ இருக்கிற மாதிரி இருக்கு."

நான் வற்புறுத்தவில்லை. இறந்தவரின் கட்டிலுக்குத் தினமும் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை போனபோதும் அதே கிரில், அதே பதில்.

அந்த வாரம், கடலுக்கு அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. ரோஸ்னா என்ற மலாய்க்காரப் பெண்மணி, பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எங்கள் தீவில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் சாகவேண்டும் என்று கேட்டார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால்தான் வார்டிலிருந்து அனுப்புவார்கள். எங்களிடம் இருந்த மெஷின்கள் எல்லாம் வெளியே போயிருந்தன. அவருடைய மகன் காலையிலும் மாலையிலும் போன் பண்ணி, "எப்போது கிடைக்கும்?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சிஸ்டரிடம் போய் வீராசாமி வீட்டு மெஷினைப் பற்றிச் சொன்னேன். சத்தத்துக்காக ஓடவிடுகிறார் என்றேன்.

அவர் வழக்கம்போல் என்னைத் திருப்பிக் கேட்டார். "கிரிலைத் தொறந்தாரா?"

"இல்ல சிஸ்டர்."

"கன்னத்துல கோடு இருந்துச்சா?"

"என்ன கோடு?"

"மூக்குக் குழாய் மாட்டிட்டுத் தூங்கினா கன்னத்துல ரெண்டு பக்கமும் பதியுமே, அந்தக் கோடு."

யோசித்துப் பார்த்தேன். கோடு நினைவில் இல்லை. ஆனால் நாற்காலியிலிருந்து கதவுக்கு வருவதற்குள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அழுகையை அடக்குகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் சிஸ்டர் மேசையிலிருந்த பையை எடுத்துக்கொண்டார்.

"பாக் மாட்டை வேனை எடுக்கச் சொல்லுங்க. சின்ன சிலிண்டர் ஒண்ணும் சக்கர நாற்காலியும் ஏத்துங்க."

பாக் மாட் எங்கள் ஓட்டுநர். அவரைக் கீழே வேனில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மேலே போனோம்.

வீராசாமி கம்பிக்குப் பின்னால் வந்து நின்றார். "மிஸ்ஸி, அதான் தம்பிகிட்ட... சொன்னேனே." தாதியை மிஸ்ஸி என்றுதான் அந்தக் காலத்து ஆட்கள் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கே நடுவில் மூச்சு வாங்கியது.

"மெஷினுக்கு வரல, உங்களப் பாக்கத்தான் வந்தேன்," என்றார் சிஸ்டர். "பசியாறிட்டீங்களா? அக்கா இருந்தப்ப நான் வந்தா தே ஓ போட்டுத் தருவீங்களே. இன்னிக்கு இல்லையா?"

வெறும் தேநீருக்காகக் கேட்கும் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்த அவரால் முடியவில்லை. கிரிலைத் திறந்தார். அடுப்படிக்குத் திரும்பியவர் பாதி வழியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டினார். எண்ணைப் பார்த்தார், என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவ்வளவு குறைந்த எண்ணோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதே அதிசயம். பிறகு குனிந்து, வீங்கியிருந்த அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்து, அப்படியே நின்றது.

"படுத்தா மூச்சு முட்டுறது எவ்வளவு நாளா?"

அவர் படுக்கையறைப் பக்கம் பார்த்தார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ மெஷின்ல நான் கை வெக்கல மிஸ்ஸி," என்றார் கடைசியில். "சத்தியமா. அவ போனதுக்கு அப்புறம்தான்."

"அதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க?"

"உக்காந்துகிட்டே தூங்குவேன். அவளப் பாத்துக்கத்தான் உக்காந்திருக்கேன்னு அவ நெனச்சுக்கிட்டா. நானும் சரின்னு விட்டுட்டேன்."

எங்கள் தாதிகளும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நானும்தான்.

நான் எழுந்து படுக்கையறைக்குப் போனேன். மெஷின் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே சுவர் மூலையில் இடித்துக்கொண்டு நின்றது. அதன் மேல் தடித்த துண்டு, அதற்கு மேல் மடித்துப் போட்ட போர்வை. எடுத்துவிட்டுக் கை வைத்தால் மெஷின் சுட்டது. ஆக்சிஜன் குறைகிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் இருக்கும் ஃபில்டரில் தூசி பாய் மாதிரி படிந்திருந்தது. என் பையில் இருந்த கருவியைக் குழாய் நுனியில் வைத்து அளந்தேன். வெளிக்காற்றில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"இதை ஏண்ணே மூடி வெச்சீங்க?"

"சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். பொண்டாட்டி செத்துப் போயிட்டா, இன்னும் யாருக்குடா மெஷின் ஓடுதுன்னு கேப்பாங்க. அப்புறம் என் மக காதுக்குப் போகும்."

"மூடினதுல இதுக்கு மூச்சு விட வழியில்ல அண்ணே. உங்களுக்கு வந்துட்டு இருந்தது வெறும் காத்து."

அவர் நம்பவில்லை. "அப்புறம் எப்படித் தம்பி ராத்திரி தேவலாம்போல இருந்துச்சு?"

"முதல்ல தேவலாம்போல இருந்துச்சு," என்றார் சிஸ்டர். "அப்புறம் தெனமும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி ஏத்துனீங்களா இல்லையா?"

வீராசாமி தலை குனிந்துகொண்டார். குமிழ் கடைசிவரை திருப்பப்பட்டிருந்தது.

சிஸ்டர் ரோஸ்னாவைப் பற்றிச் சொன்னார். அழுத்தம் எதுவும் கொடுக்காமல், நடப்பதைச் சொல்வதுபோல்: கெப்பாலா பத்தாஸில் ஒரு வீடு, வார்டில் காத்திருக்கும் ஒரு அம்மா, வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார், இந்த மெஷின்தான் இருக்கிறது.

"லெட்சுமியும் அப்படித்தான் கேட்டா," என்றார் வீராசாமி. "எடுத்துட்டுப் போங்க தம்பி."

நான் பிளக் பக்கம் போனேன்.

"தொடாதீங்க சேகர்," என்றார் சிஸ்டர். "மெஷினை மட்டும் எடுத்துட்டுப் போக நான் வரல. வீராசாமி அண்ணன் கிளம்பட்டும். அப்புறம் புடுங்கலாம்."

"நான் எங்கயும் வரல மிஸ்ஸி. அவ கூட எத்தனை வார்டு பாத்திருக்கேன். போதும்."

"சரி," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கீழேயிருந்து சிலிண்டரைத் தூக்கிவரச் சொல்லி வீராசாமிக்கு மாட்டினார், மிகக் குறைவாகத் திறந்து. என்னைத் தேநீர் போடச் சொன்னார். நான் போட்டேன். வார்டில் ரோஸ்னாவின் மகன் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார். ஃபெர்ரி பிடிக்கவேண்டும், அக்கரையில் நீண்ட ஓட்டம். சிஸ்டரோ வீட்டில் சும்மா வந்த விருந்தாளி மாதிரி தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். லெட்சுமி அம்மாவின் கடைசி நாளைப் பற்றி வீராசாமி ஏதேதோ சொன்னார். குறுக்கிடாமல் கேட்டார்.

சிலிண்டரின் உண்மையான ஆக்சிஜன் போகப் போக அவர் உதட்டில் நிறம் மாறியது. அவருக்கே வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"படுக்க வெச்சா எழுந்து வருவேனா மிஸ்ஸி?"

இந்த இடத்தில் நானாக இருந்தால், "கண்டிப்பா வருவீங்க அண்ணே," என்று சொல்லியிருப்பேன்.

"தெரியாது," என்றார் சிஸ்டர். "டாக்டர் பாத்தாத்தான் தெரியும். இங்கேயே இருந்தா எழுந்திருக்கமாட்டீங்க. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

வீராசாமி என்னிடம், "அலமாரியில நீலச் சட்டை இருக்கும், எடுத்துக் குடு தம்பி," என்றார்.

லிஃப்ட் அவர் வீட்டுக்கு ஒரு மாடி கீழேதான் நிற்கும். பாக் மாட்டும் நானும் சக்கர நாற்காலியோடு அவரைப் படியில் தூக்கி இறக்கினோம். "போர்ட்டுல நான் தூக்காத சாமானே இல்ல," என்றார் மூச்சுக்கு நடுவே. "இப்ப என்னையே சாமான் மாதிரி தூக்குறீங்க." பாக் மாட்டுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், அவரும் சிரித்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சிஸ்டரும் வீராசாமியும் இறங்கிக்கொண்டார்கள். அவரை இறக்கிய பிறகு மேலே போய்ப் பிடுங்கி வந்திருந்த மெஷினோடு நான் ஸ்டோருக்குத் திரும்பினேன். மஞ்சள் கோட்டின் இடது பக்கம் இறக்கினேன். உடம்பைத் துடைத்தேன். உள்ளே வெளியே இரண்டு ஃபில்டரையும் மாற்றினேன். குழாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் புதிது போட்டேன். சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்தி ஓடவிட்டேன். அளவு ஏறியது, ஆனால் மெதுவாக. மெஷின் கிடைத்துவிட்டது என்று வேனிலிருந்தே சொல்லியிருந்தேன், ரோஸ்னாவின் மகன் போன் பண்ணினார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, கூட வரும் சிலிண்டர் மாலைவரை தாங்கும் என்றார். இதோ வருகிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் போனில் அழைத்தார். "ஏறிடுச்சா?"

"கிட்டத்தட்ட வந்துடுச்சு சிஸ்டர். ஃபெர்ரியில போறதுக்குள்ள..."

"ஃபெர்ரியில எந்தப் பிளக்குல மாட்டிப் பாப்பீங்க?"

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் எதிரே உட்கார்ந்தேன். பாக் மாட் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்றார். மஞ்சள் விளக்கு அணைந்து பச்சை வந்தது. அதற்குப் பிறகும் பொறுத்து, மறுபடி அளந்து, அளவு இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் உறையை மாட்டினேன். நான் அவசரப்பட்டிருந்தால், அந்த அம்மாவுக்கும் வெறும் காற்றைத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். கவிதாவின் புது ஆட்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

அப்போதெல்லாம் ஃபெர்ரியில் வேனையும் ஏற்றிக்கொண்டு போகலாம். பட்டர்வொர்த்தில் இறங்கி கெப்பாலா பத்தாஸ் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய சிலிண்டரில் முள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வயல் ஓரத்து மரவீடு. ரோஸ்னா ஜன்னல் பக்கம் கட்டிலில் இருந்தார். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மெஷினை நிறுத்தினேன். இதன் மேல் எதையும் போடக்கூடாது, ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்டவேண்டும் என்று மகனுக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். சில நாள் அந்த ஜன்னல் பக்கத்தில் இருந்து இறந்தார். மகனே மெஷினைத் துடைத்து எடுத்துவந்து கொடுத்தார்.

வீராசாமிக்கு இருதயம் பலவீனம், நுரையீரலில் நீர். வார்டில் பல நாள் வைத்திருந்தார்கள். மகள் ஜொகூரிலிருந்து வந்தாள், அவர் பயந்தபடியே வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வரச்சொன்னாள். பெரிய சண்டை நடந்ததாகக் கேள்வி. கடைசியில் மகள் லீவு போட்டு அவர் வீட்டில் தங்கினாள். ராத்திரிக்கு மட்டும் ஆக்சிஜன் வைக்கச் சொல்லி டாக்டர் கடிதம் கொடுத்தார். இந்த முறை அவர் பெயரிலேயே நான் மெஷின் கொண்டுபோனேன். மாத்திரையும் உப்பில்லாச் சாப்பாடுமாக மாதங்கள் ஓடின. கால் வீக்கம் வடிந்தது. மகள் ஊருக்குத் திரும்பினாள். ஒரு நாள் அவரே ஸ்டோருக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, டாக்டர் டெஸ்ட் எடுத்துட்டு இனி மெஷின் வேணாம்னுட்டாரு. வந்து எடுத்துக்கோ."

போனேன். அவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஏற்கனவே லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். ஒரு மாடி படியில் எப்படி இறக்கினார் என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.

ஸ்டோருக்குக் கொண்டுவந்து இடது பக்கம் வைத்தேன். சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தவர் மெஷினில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார். நின்றார். கை நெற்றிக்குப் போய், சிலுவை போட்டுக்கொண்டார்.

"எப்ப?" என்றார் மெல்ல.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து இடது பக்கம் வந்து இறங்கிய ஒவ்வொரு கட்டிலும் ஒவ்வொரு மெஷினும் ஒரு சாவு வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

"சாகல சிஸ்டர். அவரே தள்ளிக்கிட்டு வந்து குடுத்தாரு."

சிஸ்டர் பிலோமினா குனிந்து பின்னால் விரல் விட்டுப் பார்த்தார்.

"ஃபில்டரைக் கழுவியிருக்காரே."

"ஆமா சிஸ்டர்."

"நீங்களும் ஒரு தரம் கழுவுங்க," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.